விளக்கு எரிகிறது, வயரிங் சரியாக இருக்கிறதா?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். சுவிட்சைத் தட்டி விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்போம். இரண்டும் நடந்தால் அட்வான்ஸ் பேச ஆரம்பித்துவிடுவோம். தண்ணீருக்கு அந்தச் சோதனை ஓரளவு போதும். கரண்ட்டுக்குப் போதவே போதாது.

மோசமாகச் செய்த வயரிங்கிலும் விளக்கு எரியும். எர்த்தே இல்லாத வீட்டிலும் ஃப்ரிட்ஜ் ஓடும், வாஷிங் மெஷின் துவைக்கும். வயரிங்குக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. கரண்ட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்று. ஏதாவது கெட்டுப்போகும் நாளில் அந்தக் கரண்ட் மனித உடம்பு வழியாகப் போகாதபடி, சுவருக்குள் தீயாக மாறாதபடி, உடனே துண்டித்துவிடுவது இன்னொன்று. முதல் வேலை தினமும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது வேலை நடக்குமா என்பது அது தேவைப்படும் நொடி வரைக்கும் தெரியாது. வயரிங் வேலையில் செய்யப்படும் பெரிய தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் பல வருடம் 'நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு' என்ற வீட்டில் திடீரென்று விபத்து நடக்கிறது.

இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போர்டைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்டால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதற்குக் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

மூன்று வயர்கள்

சென்னை வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் மூன்று வயர்கள் வந்திருக்க வேண்டும். கரண்ட் வரும் வழி ஃபேஸ். அது திரும்பிப் போகும் வழி நியூட்ரல். மூன்றாவதான எர்த், சாதாரண நாளில் எதுவும் ஓடாமல் சும்மா இருக்கும் வயர். மெஷினுக்குள் ஏதாவது கெட்டு, ஃபேஸ் அதன் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், அந்தக் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த்தின் பொறுப்பு.

நம் ஊர் வழக்கப்படி ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றில் ஒன்று வரும். நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. மூன்று துளை உள்ள பாயின்ட்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். போர்டைத் திறந்து எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நிறமாக இருந்தால், அல்லது பச்சை வயரே கண்ணில் படவில்லை என்றால், அந்த வீட்டு வயரிங்கைப் பற்றி அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கறுப்பு காயில் தீர்ந்துபோனதால் மீதமிருந்த சிவப்பையே நியூட்ரலுக்கு இழுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேலை முடிந்த அன்று ஒன்றும் ஆகாது. ஐந்து வருடம் கழித்து வேறொருவர் நிறத்தை நம்பிக் கை வைக்கும்போதுதான் ஆபத்து.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைப்பது. இப்படிச் செய்தாலும் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்ற நம்பிக்கையில் ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுகிறவர் மேலே கரண்ட் அடித்துக் கீழே விழுவார். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அறிகுறி இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு இருட்டில் மங்கலாக மினுங்கிக்கொண்டிருக்கும். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், வயர்கள் நீண்ட தூரம் ஒன்றாக ஓடினாலும் இதே மினுக்கம் வரலாம். ஆகவே மினுங்கினாலே தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். எலக்ட்ரீஷியன் வரும்போது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

எர்த்: இருப்பது போலத் தெரியும், இருக்காது

நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இதுதான். நான் பார்த்த வரையில் சென்னை வீடுகளில், முக்கியமாகப் பழைய பிளாட்டுகளிலும் மாடி மேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போன வீடுகளிலும், அதிகம் கைவிடப்படுவது எர்த். மூன்று துளை பாயின்ட் இருக்கும், பின்னால் மூன்றாவது வயர் இருக்காது. வயர் இருந்தாலும் மெயின் போர்டோடு நின்றிருக்கும். மெயின் போர்டிலிருந்து கீழே இறங்கினாலும், மண்ணில் புதைத்த பைப்போடு சேரும் இடத்தில் துருப்பிடித்து அறுந்திருக்கும். அபார்ட்மென்ட் கட்டும்போது காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அப்புறம் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். எர்த் குழி எங்கே என்று கேட்டால் அசோசியேஷனில் யாருக்கும் தெரியாது. உப்பு மண்ணில் இரும்பு பைப் அரித்துப்போகும். மே மாதத்தில் மண் வறண்டால் எர்த்தின் தடை ஏறும். அந்தக் குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது அதனால்தான்.

எர்த் இல்லை என்பதற்கு முதல் அறிகுறி உங்கள் விரல் நுனி. ஃப்ரிட்ஜ் கதவைத் தொடும்போது, இண்டக்ஷன் அடுப்பின் பக்கத்தில் கை படும்போது, சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தடவும்போது எறும்பு ஊர்வது போல ஒரு சுரசுரப்பு. 'லேசாத்தான் அடிக்குது, பழகிப்போச்சு' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து பழகிக்கொள்ளாதீர்கள். இப்போதைய மின்னணுச் சாதனங்களின் பவர் சப்ளையில் சின்ன ஃபில்டர் கெபாசிட்டர்கள் இருக்கும். அவை வழியாக மிகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போவது இயல்பு. எர்த் இல்லாவிட்டால் அதற்குப் போக இடமில்லாமல் சாதனத்தின் உடம்பிலேயே நிற்கும், நீங்கள் தொட்டால் உங்கள் வழியாகப் போகும். அந்த அளவு உயிரை எடுக்காது. ஆனால் அது ஒரு செய்தி சொல்கிறது: நாளை அந்தச் சாதனத்துக்குள் உண்மையிலேயே ஃபேஸ் உடம்பைத் தொட்டால், அப்போதும் போக இடமிருக்காது. குளியலறையில் ஷவரைத் திறக்கும்போது சுரீரென்று பட்டால் இன்னும் அவசரம். கீசரின் ஹீட்டிங் காயில் கசிந்து, எர்த்தும் இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. அன்றைக்கே கீசர் பாயின்ட்டை நிறுத்துங்கள்.

எர்த் வயர் கட்டியிருந்தால் மட்டும் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எர்த் குழி சரியில்லாமல் அதன் தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷினுக்குள் ஃபேஸ் உடம்பைத் தொட்டுவிட்டது. 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். மெஷினுக்குப் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். 4.6 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, விழாது. மெஷினின் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும், ஈரக் கையோடு யாராவது தொடும் வரை. எம்சிபி போட்டிருக்கிறோம், ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்று இதிலிருந்து தெரிகிறது. எம்சிபி வயரைக் காப்பாற்றும் கருவி. மனிதரைக் காப்பாற்றும் கருவி ஆர்சிசிபி.

ஆர்சிசிபி ஃபேஸில் போகும் கரண்ட்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது அத்தனையும் திரும்பி வந்தால் பேசாமல் இருக்கும். வித்தியாசம் வந்தால், அது எர்த் வழியாகவோ மனித உடம்பு வழியாகவோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு கணப்பொழுதில் துண்டித்துவிடும். வீட்டுக்குப் போட வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. மேலே சொன்ன 4.6 ஆம்பியர் கசிவு அதைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேல். எர்த் சுமாராக இருந்தாலும் ஆர்சிசிபி உடனே விழுந்துவிடும். இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதனால் காப்பாற்ற முடியாது. அதிக லோடையும் அது கவனிக்காது. ஆகவே எம்சிபியும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும்.

எம்சிபிகள் வரிசையாக இருக்கும் பெட்டியான டிபி பாக்ஸில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு அகலமான ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கரண்ட் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பெயருக்குத்தான் அங்கே இருக்கிறது, மாற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி பில் கட்டும் நாளில் இதைச் செய்வதாக வைத்துக்கொண்டால் மறக்காது.

மிக மோசமான தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எர்த் வயர் இல்லாத வீட்டில், வாடகைக்கு இருப்பவர் எர்த் கேட்டு நச்சரித்தால், சிலர் பிளக் பாயின்ட்டின் உள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்னத் துண்டு வயரை எர்த் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். சோதித்தால் எர்த் இருப்பது போலவே காட்டும். சுரசுரப்பும் நின்றுவிடும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் வழியில் எங்காவது அந்த நியூட்ரல் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் வழியாக வந்த 230 வோல்ட் அந்தத் துண்டு வயர் மூலம் ஃப்ரிட்ஜின் உடம்புக்கே வந்து சேரும். எர்த்தே இல்லாமல் விட்டிருந்தால்கூட இந்த ஆபத்து வந்திருக்காது. இப்படிக் கட்டிய வீட்டில் எர்த்தும் எங்காவது மண்ணோடு சேர்ந்திருந்தால், ஆர்சிசிபி அடிக்கடி விழும். உடனே 'இந்த ஆர்சிசிபி தொல்லை, எடுத்துடலாம் சார்' என்று அதைத் தாண்டி நேராக இணைத்துவிடுவார்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதென்றால் எங்கேயோ கசிவு இருக்கிறது, அல்லது நியூட்ரல் தவறாகக் கலந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

டெஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோர் வீட்டிலும் இருக்கும் அந்த நியான் டெஸ்டர் ஃபேஸ் எங்கே என்று மட்டும்தான் சொல்லும். எர்த் இருக்கிறதா, நியூட்ரல் சரியா என்று அதனால் சொல்ல முடியாது. ரிச்சி தெருவிலோ பக்கத்து எலக்ட்ரிகல் கடையிலோ பிளக்கில் செருகிப் பார்க்கும் சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும். மூன்று விளக்குகள் எரியும் வரிசையைப் பார்த்து, எர்த் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்துகொள்ளலாம். நம் பின்னுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். வீடு பார்க்கப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய சின்னப் பொருள். ஆனால் நியூட்ரலிலிருந்து திருடிய எர்த்தை அதுவும் நல்ல எர்த் என்றே காட்டும். எர்த்தின் தடை எவ்வளவு என்பதும் அதற்குத் தெரியாது. அதற்கு ஆள் வந்து, கருவி வைத்து அளக்க வேண்டும்.

ஜாயின்ட் சூடாகும் கதை

வயரிங்கில் தீ பிடிக்கும் இடம் பெரும்பாலும் வயரின் நடுப்பகுதி அல்ல, அது முடியும் இடம்: சுவிட்சின் ஸ்க்ரூ, பிளக் பாயின்ட்டின் டெர்மினல், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். ஸ்க்ரூ லூசாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் தடை உண்டாகும். தடை இருக்கும் இடத்தில் கரண்ட் ஓடினால் சூடு வரும். கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் எத்தனை வாட் சூடு என்று கிடைக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். லூஸ் ஸ்க்ரூவின் தடை வெறும் 0.2 ஓம் என்றாலும், 13-ஐ 13-ஆல் பெருக்கி, அதை 0.2-ஆல் பெருக்கினால் சுமார் 34 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருக்கிறீர்கள். எம்சிபிக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் ஓடுவது வழக்கமான 13 ஆம்பியர்தான்.

அதனால் இந்தத் தவறைக் கண்டுபிடிக்க நம் புலன்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பிளக் பாயின்ட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம். சுவிட்சைப் போடும்போது சடசட என்ற சத்தம். கீசர் ஓடி முடித்ததும் பிளக்கைப் பிடித்தால் விரலை வைக்க முடியாத சூடு. கருகிய மீன் போல ஒரு நாற்றம் வந்து போவது. பழைய சுவிட்சுகளும் ஹோல்டர்களும் சூடாகும்போது இந்த நாற்றம் வரும். சமையலறை நாற்றம் என்று நினைத்து விட்டுவிடுவோம். அயர்ன் பாக்ஸ் போட்டால் அதே அறையில் விளக்கு மினுமினுப்பது. இவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பாயின்ட்டை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். பழுப்பேறிய பாயின்ட்டைத் துடைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் பிடிப்பு தளர்ந்துபோயிருக்கும்.

ஏன் லூசாகிறது? வேலை அவசரம்தான் முதல் காரணம். பல இழை வயரைச் சின்ன டெர்மினலுக்குள் நுழைக்க முடியாமல் பாதி இழைகளை வெட்டிவிடுவது. தோலைச் சரியாக உரிக்காமல் ஸ்க்ரூவைத் தோலின் மேலேயே இறுக்குவது. வயர் எட்டவில்லை என்று இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, சுவருக்குள் போகும் பைப்பிலேயே தள்ளிவிடுவது. பைப்புக்குள் ஜாயின்ட் இருக்கவே கூடாது. ஜாயின்ட் எங்கே இருந்தாலும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்புறம் சென்னைக்கே உரிய காரணம் கடல். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, வடக்கே திருவொற்றியூர் பக்கமெல்லாம் உப்புக் காற்று டெர்மினல்களைச் சீக்கிரம் அரித்துவிடும். பித்தளைத் திருகில் பச்சை பூத்திருந்தால் அதுதான். ஜன்னல் ஓரப் போர்டுகளையும் பால்கனிப் பாயின்ட்டுகளையும் அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எம்சிபி விழுந்தால் பெரிதாக மாற்றுவது

கோடையில் ஏசி போட்டதும் எம்சிபி விழுகிறது. வந்தவர் 16-ஐக் கழற்றிவிட்டு 32 போட்டுவிட்டுப் போகிறார். பிரச்சினை தீர்ந்தது போல இருக்கும். ஆனால் சுவருக்குள் இருக்கும் வயர் மாறவில்லை. பொதுவாக விளக்கு, ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் பெரிய கீசருக்கும் 4 என்று போடுவார்கள். எம்சிபி அந்த வயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். 2.5 வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், எம்சிபி விழுவதற்கு முன் வயரின் தோல் இளகிவிடும். டிபி பாக்ஸின் மூடியைத் திறக்காமலேயே எம்சிபியின் முகத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கலாம். 'சி16' என்றால் 16 ஆம்பியர். விளக்கு லைனுக்கு 32 என்று கண்டால் கேளுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் பியூஸ் இருக்கும். அது தன்னளவில் குற்றமில்லை. பியூஸ் கம்பிக்குப் பதில் வயரின் செம்பு இழைகளை மடித்துக் கட்டியிருந்தால்தான் குற்றம். அந்தக் கம்பி எரிய வேண்டிய நேரத்தில் எரியாது.

நியூட்ரல் போனால்

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளிலும் அபார்ட்மென்ட்டுகளிலும் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் எங்காவது லூசானால், ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைந்து இன்னொன்றில் ஏறும். ஹாலில் விளக்கு மங்கும், படுக்கையறையில் கண் கூசும் அளவுக்குப் பிரகாசிக்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 300-க்கு மேல், மோசமான நிலையில் 400-ஐ நெருங்கியும் போகலாம். டிவி, ஃப்ரிட்ஜ், வைஃபை ரவுட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். சில விளக்குகள் மங்கி சில பிரகாசமாவதைப் பார்த்த உடனே மெயினை அணைத்துவிடுங்கள், அப்புறம் காரணத்தை யோசிக்கலாம். தவறு உங்கள் மீட்டர் போர்டிலும் இருக்கலாம், தெருப் பில்லர் பாக்ஸிலும் இருக்கலாம். பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணுக்கு, போன் செய்து சொல்லுங்கள். பில்லர் பாக்ஸை நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொடக் கூடாது.

நியூட்ரலில் இன்னொரு சங்கடம் கலப்படம். ஒரு வீட்டின் ஃபேஸ், பக்கத்து போர்ஷனின் நியூட்ரல் என்று இணைத்துவிடுவார்கள். ஒரு வீட்டைத் தடுத்து இரண்டு மூன்று போர்ஷனாக்கி வாடகைக்கு விடும் இடங்களில் இது சகஜம். பல மீட்டர்களில் 'இ.எல்' என்று குறித்த சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். ஃபேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புவதும் ஒத்துப்போகவில்லை என்றால் அது எரியும். இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கெடுக்கும் மீட்டர்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டு நியூட்ரல் உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பினால் பில்லும் ஏறக்கூடும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். யூனிட்டுக்கான விளக்கு தொடர்ந்து துடித்துக்கொண்டிருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது, அல்லது உங்களுக்குத் தெரியாத ஒரு லோடு உங்கள் லைனில் இருக்கிறது. மாடிப்படி விளக்கு, பொது மோட்டார் என்று ஏதாவது அகப்படும்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வயரிங்குக்குப் பரீட்சை நடக்கிறது. கேட் விளக்கு, மொட்டை மாடி டேங்கின் ஃப்ளோட் சுவிட்ச், சம்ப் மோட்டார், ஜன்னல் கம்பி வழியாக வெளியே இழுத்த வயர் எல்லாம் அப்போதுதான் தங்கள் குறையைக் காட்டும். ஜன்னல் கம்பியில் உரசி உரசித் தோல் தேய்ந்த வயர், காய்ந்த நாளில் ஒன்றும் செய்யாது. மழையில் நனைந்தால் கம்பி முழுவதும் கரண்ட் ஏறும். துணி காயப்போடும் கம்பிக் கொடியை வயரோடு ஒட்டிக் கட்டியிருந்தாலும் அதே கதை. சுவரில் ஓதம் ஏறிய இடத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால், மழை நாளில் அந்தச் சுவரைத் தொட்டால் சுரீரென்கும். 'ஈரச் சுவர் அப்படித்தான்' என்பார்கள். அப்படி இல்லை. ஓதம் போர்டுக்குள் போய்விட்டது, அந்த லைனை நிறுத்த வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பிளக் பாயின்ட்டுகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் கரண்ட் வந்துவிட்டதே என்று சுவிட்சைப் போடக் கூடாது. பைப்புக்குள்ளும் பெட்டிக்குள்ளும் சேறும் ஈரமும் வெகுநாள் தங்கும். மூழ்கிய பாயின்ட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, மெகர் கருவியால் இன்சுலேஷனை அளந்த பிறகே லைனைக் கொடுக்க வேண்டும். 500 வோல்ட்டில் அளந்து ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும் என்பது கணக்கு. 'மெகர் இருக்கா?' என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். அதைக் கையோடு கொண்டுவருகிறவரை விட்டுவிடாதீர்கள்.

எது உங்கள் வேலை, எது இல்லை

பார்ப்பது, முகர்வது, எண்ணைப் படிப்பது, டெஸ்ட் பொத்தானை அழுத்துவது, சாக்கெட் டெஸ்டரைச் செருகுவது உங்கள் வேலை. மூடியைக் கழற்றுவது இல்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈபி மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டை வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். வேலை நடக்கும்போது இரண்டையும் அணைத்திருக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். யாருக்காவது கரண்ட் அடித்து ஒட்டிக்கொண்டால் முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். வெறும் கையால் அவரைத் தொடக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

எலக்ட்ரீஷியனைத் தேர்ந்தெடுக்கும்போது, தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். நல்ல வேலைக்காரர் அதைச் சந்தோஷமாகக் காட்டுவார். வேலை முடிந்ததும் எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று டிபி பாக்ஸ் மூடியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் தயங்க மாட்டார்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. வயரிங் ஓனருடையது, செலவு யாருடையது என்ற பேச்சு வரும். பழுப்பேறிய பாயின்ட், துருப்பிடித்த எர்த் பைப், ஆர்சிசிபி இல்லாத டிபி பாக்ஸ் ஆகியவற்றைப் படமெடுத்து, என்ன ஆபத்து என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இல்லை என்றால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், அதிலும் குளியலறை கீசர், வாஷிங் மெஷின், மோட்டார் ஆகிய மூன்றின் லைனும் அதன் கீழ் வர வேண்டும். அடுத்தது சூடாகும் பாயின்ட்டுகள். அதற்கடுத்து வயருக்குப் பொருந்தாத எம்சிபிகள். நிறம் மாறிய வயர்களையும் நியூட்ரலில் வைத்த சுவிட்சுகளையும் அறை அறையாகப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அதுவரை அந்த அறையில் பல்பு மாற்றும்போதெல்லாம் மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்கள்; இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்.